பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி

20 ஜனவரி 2025, திங்கள்

ஆறாம் வகுப்பு இலக்கணப் பாடம் இன்றைக்கும் முடியவில்லை. பாடம் கேட்டு, பாடப்புத்தகம் போடுகிற கம்பெனியிலிருந்து மறுபடியும் போன். கை எழுதுகிறது, மனசு ஒட்டமாட்டேன் என்கிறது.

என் வீட்டுக்காரர் பிரைட்டனின் கம்ப்யூட்டரில்தான் நானும் எழுதுகிறேன். எழுதுகிற எடிட்டருக்குள்ளேயே கோப்புகளின் பட்டியலையும் திறந்து பார்க்கலாம். மவுஸ் வேண்டாம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கீ. கல்யாணமான புதிதில் அந்தக் கீயெல்லாம் எனக்குப் பிடிபடவில்லை என்று தமிழ்ச் சொல்லின் முதல் எழுத்துக்கு மாற்றித் தந்தார். மேலே போக ‘எம்’, புதுக் கோப்புக்கு ‘பி’. அழிக்கிற கீயை மட்டும் கை சுலபமாக எட்டாத இடத்தில் வைத்தார். நான் கோபத்தில் கண்டதையும் அழித்துவிடுவேனாம். துறைமுகத்தில் ஷிப்பிங் ஆபீஸ்காரர்களுக்கு ப்ரோகிராம் எழுதுகிற மனுஷன் எனக்குச் செய்த சீர் அதுதான்.

21 ஜனவரி, செவ்வாய்

மொச்சையைக் காணவில்லை.

மொச்சை எங்கள் பிள்ளை. முதல் ஸ்கேனில் மொச்சைக்கொட்டை மாதிரி இருந்தாள், பெயர் ஒட்டிக்கொண்டது. போன அக்டோபரில் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். ஸ்கேன் படங்களும் போனில் பதிந்த அவள் நெஞ்சுத்துடிப்பும் அவள் பெயரில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. வேலை தொடங்குமுன் அதைத் திறப்பேன். நாட்டுப்படகு மோட்டார் மாதிரி டுக்குடுக்கென்று ஓடும். இன்று பட்டியலில் மேலே ஒரு பாடம், கீழே ஒரு பாடம். நடுவில் இருந்தவளைக் காணோம்.

சாயங்காலம் அவர் வந்ததும், அழித்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தாராம். புள்ளியில் தொடங்கும் பெயர் பட்டியலில் தெரியாதாம். மறைந்ததைக் காட்டுகிற கீ ஒன்று உண்டு, அதையும் எடுத்துவிட்டார்.

“தெனமும் அதத் தெறந்து வச்சு அழுத. பாக்க முடியல ஈவா.”

“என்னயக் கேட்டீயளா?”

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

22 ஜனவரி, புதன்

இன்றைய பாடம் மெய்யெழுத்து. புள்ளி வைத்தால் உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும். பிள்ளைகளுக்கு விளங்கும்படி எழுத வேண்டுமாம். எழுதினேன்.

25 ஜனவரி, சனி

அவர் திரேஸ்புரம் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனார். வழக்கம்போல வெயில் ஏறித்தான் வந்தார். நாலு சாளை வாங்கக் கடலுக்குள்ளேயா போய் வருகிறார் என்று வாராவாரம் ஏசுவேன். இன்று அதற்கும் தெம்பில்லை.

இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. நான் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தபோது அவரும் எங்கள் சர்ச்சின் சபை ஐயரும் போய் அடக்கம் பண்ணிவிட்டு வந்தார்கள். எங்கே வைத்தார்கள், எப்படி இருக்கிறது, ஒரு வார்த்தை கிடையாது. கூட்டிப்போங்கள் என்றால், உடம்பு தேறட்டும் என்பார். தேறி எவ்வளவோ நாளாயிற்று. கல்லறைத் தோட்டத்துக்குத் தனியாகப் போகலாம்தான். ஐயரும் மாற்றலாகிப் போய்விட்டார், எது என் பிள்ளையின் குழி என்று யாரைக் கேட்பேன்? அந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறு என்ன கேட்டுவிட்டேன்?

29 ஜனவரி, புதன்

எடுத்த கீயை வேறு எங்காவது ஒளித்து வைத்திருப்பார் என்று தோன்றியது. அவர் ஆபீஸ் போனதும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஒன்று பட்டியலைத் தலைகீழாக்கியது. ஒன்று திரையை இரண்டாகப் பிளந்தது. ஒன்று அழிக்கவா என்று கேட்டது, பதறி வேண்டாம் என்றேன். பிறகு ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து. ஈவாஞ்சலின் என்ற என் பெயரின் முதல் எழுத்துக்கு வந்தபோது மொச்சை திறந்துகொண்டது.

ஸ்கேன் படங்கள் இருந்தன. துடிப்பு இருந்தது. அதற்கும் கீழே நான் வைக்காத படங்கள், மறைத்த பிறகு அவர் கொண்டுவந்து போட்டவை.

ஒரு சின்ன மண்மேடு. முதல் படத்தில் வெறும் மண். அப்புறம் ஓரத்தில் கொஞ்சம் சிப்பி. படத்துக்குப் படம் சிப்பி கூடி, கடைசியில் சுற்றிலும் பதித்திருக்கிறது. தேதியைப் பார்த்தேன், எல்லாம் சனிக்கிழமை. ஒரு படத்தில் மேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மீன் பை சாய்ந்து கிடக்கிறது.

அப்போ சனிக்கிழமையெல்லாம் அங்கனதான் போனீயளா? ஒத்தையில போய் அழுதுட்டு, மீனோட வந்து என் ஏச்சையும் வாங்கிக்கிட்டீயளா?

கோபம் போகவில்லை. எனக்கு மறைத்துவிட்டுத் தனக்கு மட்டும் ஒரு கீ. ஆனால் அதற்கு என் எழுத்தைத்தான் வைத்திருக்கிறார். அதை நினைத்துத்தான் இன்று முழுக்க அழுதேன்.

30 ஜனவரி, வியாழன்

புள்ளியை எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தபோது பின்னால் நின்றேன். மொச்சை தன் இடத்தில் இருந்தாள். கீபோர்டில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

“ஒன்னயக் கூட்டிட்டுப் போனா அங்கனயே விழுந்துருவியோன்னு பயந்துட்டேன்” என்றார்.

“விழுந்தா தூக்குங்க.”

1 பிப்ரவரி, சனி

இரண்டு பேரும் போனோம். விழத்தான் செய்தேன். தூக்க வந்தவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் பார்த்தேன், மீன் பை மடித்தது மடித்தபடி என் கையில் இருக்கிறது.