தோல் வணிகனின் மனைவி

லா சப்பல், பாரிஸ்
18.9.1988

என் அன்புக்குரிய உங்களுக்கு,

நான் சுகம். மொன்றியலில் குளிர் தொடங்கியிருக்கும். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்துக்குப் பின் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. என்னை அங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் என்னவாயிற்று என்றும் தெரியவில்லை.

விடுமுறையில் ஒரு வாரம் காட்டில் இருந்தேன். பின்னேர வகுப்பில் பிரெஞ்சு சொல்லித்தரும் ஜிஸ்லேனும் அவருடைய நண்பர்களும் கோடைதோறும் ஓர் ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்கிறார்கள். கனடாக் காடுகளுக்கு விலங்குத் தோல் வாங்கப் போன அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரரைப் போலவே வாழ்ந்து பார்க்கிறார்கள். மணிக்கூடு கிடையாது, தீப்பெட்டி கிடையாது. நீங்கள் இருக்கும் நாட்டை அப்படியாவது அறியலாம் என்று போனேன். அடுத்த வீட்டு யோகராணி, "தோல் சுரண்டவோ அக்கா இவ்வளவு தூரம்? இறைச்சிக் கடையிலை கேட்டால் சும்மா தருவாங்கள்" என்று சிரித்தாள்.

சுரண்டினேன்தான். அவர்கள் தேடிப் போன பீவர் என்ற நீர்விலங்கின் தோலுக்குப் பதிலாக முயல் தோல். சைவக்காரியின் கை முதலில் கூசியது, பிறகு பழகிவிட்டது. நெற்றியில் வார் மாட்டி முதுகில் பொதி சுமந்தேன். சோளத்தைச் சாம்பல் நீரில் அவித்தேன்.

எனக்குத் தந்த வேடம், வணிகன் காட்டில் கட்டிக்கொண்ட பெண். வணிகனாக வந்தவர் தபால் கந்தோரில் வேலை செய்யும் பெர்னார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். விளையாட்டுக்குக்கூட எனக்கு நா எழவில்லை. வீட்டில் உங்களைக் கூப்பிடுவது போல "இஞ்சாருங்கோ" என்றேன். அதுதான் அவருடைய வேடப் பெயர் என்று நினைத்து, மாலைக்குள் முகாம் முழுவதும் அவரை இஞ்சாருங்கோ ஆக்கிவிட்டது. நானும் திருத்தவில்லை.

கடைசி நாள் ஜிஸ்லேன் விளக்கினார். சில வணிகர்களுக்கு மொன்றியலில் ஒரு மனைவி, காட்டில் ஒரு மனைவி. ஒப்பந்தம் முடிந்ததும் காட்டில் இருப்பவளை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டுப் படகேறுவார்களாம். நான் கரையில் நின்று அழ வேண்டும்.

முகாமுக்குப் போகுமுன், மொன்றியலில் உங்களோடு ஒரே அறையில் இருந்த குகதாசன் அண்ணையை இங்கே கார் து நோர் ரயில் நிலையத்தில் கண்டிருந்தேன். "நீ யோசியாதை தங்கச்சி, அவருக்கு அங்கை சமைச்சுக் குடுக்க ஆள் இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மிச்சத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் பெயரும் தெரியும்.

அந்தக் கரையில் நான் அவள் இடத்தில் நின்றேன். என்னைப் பற்றி அவளுக்கும் நீங்கள் எதுவும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று அப்போதுதான் தோன்றியது. நான் அழவில்லை. படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, போவதென்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். கதையில் அப்படி இல்லையே மதாம் என்று பெர்னார் திகைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் விடவில்லை. கடைசியில், "போகிறேன், திரும்பி வரமாட்டேன்" என்று மெல்லச் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றேன். கயிற்றை விட்டேன்.

எனக்கு அகதி அட்டை கிடைத்துவிட்டது. ஐப்பசியில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை தொடங்குகிறேன். இனி ஸ்பொன்சருக்காகக் காத்திருக்கவில்லை. வா என்றோ வராதே என்றோ உங்கள் கையால் எழுதுங்கள். எதுவானாலும் வாசிப்பேன். எனக்கு எழுதுமுன் அவளிடமும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளையார் உங்களுக்கு நல்ல சுகத்தையும், அந்த ஒரு வரியை எழுதும் தைரியத்தையும் தரட்டும்.

இன்று வரை உங்கள் மனைவி,
பூரணி