பதினேழு முறை ஹாரன் ரிப்பேர்

ஜூன் 2, திங்கள்

காலையில் இரண்டு கடைவாய்ப் பல் பிடுங்கல், ஒரு வேர் சிகிச்சை. கையைக் கழுவிவிட்டு போனை எடுத்தால் சேற்றுக் குழுவில் நாற்பது செய்திகள். (சேற்றுக் குழு என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல ரோடு இருக்கும்போதே அதை விட்டு இறங்கி, ஜீப்பைச் சேற்றில் சிக்கவைத்து, ஒருவரை ஒருவர் இழுத்துக் காப்பாற்றும் பதினான்கு பேர். நான் ஒருத்திதான் பெண்.) போன மாதம் குழுவில் மொட்டை என்று நாங்கள் கூப்பிடுபவரின் ஜீப் ஆற்றோடு போனது அல்லவா, அதற்கு இன்ஷூரன்ஸில் கொடுத்தது இருபது வருடப் பழைய ஜீப்பின் விலையாம். அவர் மாட்டியிருந்த நான்கு டயருக்குக்கூடக் காணாது. மொட்டை அழுகிற பொம்மையாக அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

என் பாலிசியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் ஜீப்பின் மதிப்பு, அவர்கள் கணக்கில், ஒரு ஃபிரிட்ஜும் ஒரு வாஷிங் மெஷினும். ஆறு வருடமாக நான் அதில் கொட்டியதற்கு கிளினிக்கில் சிகிச்சை நாற்காலி மூன்று வாங்கிப் போட்டிருக்கலாம்.

இந்த மாதம் முப்பதாம் தேதி பாலிசி முடிகிறது. இந்தத் தடவை முழு மதிப்புக்கு எடுத்தே ஆக வேண்டும்.

ஜூன் 4, புதன்

எங்கள் குடும்பத்தில் யார் எந்தப் பாலிசி எடுத்தாலும் அது என் நாத்தனார் வழியாகத்தான். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். இந்த நோட்டில் அவள் பெயர் பிரீமியம். வெளியே போய் எடுத்தால் ஜென்மத்துக்கும் பேசமாட்டாள். பேசாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, பேசுவாள்.

போன் செய்தேன். "எடுக்கலாம் அண்ணி, அதுக்கென்ன. வண்டியில மாத்தின சாமானுக்கெல்லாம் ஒரு லிஸ்ட், அதுக்கு பில்லு. கம்பெனி சர்வேயர் வந்து வண்டியைப் பார்த்து மதிப்புப் போடுவாரு. அவ்வளவுதான்."

அவள் "அவ்வளவுதான்" என்றால் இன்னும் நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

ஜூன் 5, வியாழன்

பில்லு. ஐயோ, பில்லு.

ஜூன் 6, வெள்ளி

எழுதினாலாவது தைரியம் வருகிறதா பார்ப்போம்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஜீப்பை முதன்முதலில் உயர்த்திக் கட்டியபோது, மெக்கானிக் நீட்டிய பில்லைப் பார்த்து எனக்கே மயக்கம் வந்தது. "வீட்ல காட்டுற மாதிரி சின்னதா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றேன். "என்னன்னு எழுத?" என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன் — ஹாரன் ரிப்பேர். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். சேற்று டயர் மாற்றினேன், ஹாரன் ரிப்பேர். தண்ணீருக்குள் இன்ஜின் மூச்சுவிட நெட்டுக்குத்தாக ஒரு குழாய் வைத்தேன், ஹாரன் ரிப்பேர். முன்னால் கம்பி வடம் சுற்றிய வின்ச், சிக்கிய வண்டியை இழுப்பதற்கு, அதுவும் ஹாரன்தான். இடையிடையே அலுத்துப்போய் பிரேக், சீட் உறை என்று மாற்றி எழுதினோம். எல்லாமே நிஜ விலையில் இருபதில் ஒரு பங்கு.

நிஜ பில்களைக் கிழித்து, ரத்தப் பஞ்சோடு சேர்த்து கிளினிக் குப்பையில் போட்டேன். எவ்வளவு சாமர்த்தியம். பொய் பில்களை வீட்டு ஃபிரிட்ஜின் மேல், என் வீட்டுக்காரர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். புதுச் சாமானைப் பார்த்து அவர் சந்தேகப்பட வழியே இல்லை. சேறு பூசிக்கொண்டால் எதுவும் பழசாகத்தான் தெரியும்.

என் சம்பாத்தியம். யாரும் கணக்குக் கேட்டதில்லை. பின்னே எதுக்குடி ஒளிச்சே? தெரியவில்லை. அடுத்த நோயாளி வந்தாயிற்று.

ஜூன் 8, ஞாயிறு

மெக்கானிக் ஷெட். அவர் ஒரு வேனுக்கு அடியில் இருந்தார். இரண்டு கால்களோடு பேசினேன்.

"அப்ப குறைச்சு எழுதச் சொன்னீங்க டாக்டரம்மா. இப்பக் கூட்டி எழுதச் சொல்றீங்க. ஒரே வேலைக்கு ரெண்டு பில்லு போட்டா என்னைத் தூக்கி உள்ள வைப்பாங்க."

"நிஜத்தைத்தானே எழுதச் சொல்றேன்."

"நிஜத்தை அன்னைக்கே எழுதிக் குடுத்தேனே. எங்க அது?"

"கிழிச்சுட்டேன்."

வேனுக்கு அடியில் ஒரு ஸ்பேனர் விழுந்தது. பிறகு, "சர்வேயர் வர்ற அன்னைக்கு நானும் வரேன். எது எது என்னன்னு வாயால சொல்றேன். எல்லாச் சாமான் மேலயும் கம்பெனி நம்பர் அடிச்சிருக்கே, கடையில கேட்டாலும் தெரியும்" என்று குரல் வந்தது. நல்ல மனிதர். ஆனால் வாயால் சொல்லும் இடம் என் வீட்டு வாசல். கேட்கப்போவது என் வீட்டுக்காரர்.

ஆக, இரண்டே வழி. முழு மதிப்பு வேண்டுமென்றால் அவருக்கு எல்லாம் தெரியவரும். தெரியவேண்டாம் என்றால் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும்.

ஜூன் 11, புதன்

பிரீமியம் நேரிலேயே வந்துவிட்டாள். "பில்லெல்லாம் எடுங்க அண்ணி."

"எங்க வச்சேன்னு தெரியல, தேடணும்" என்று இழுத்தேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். என் வீட்டுக்காரர் கல்லூரி நூலகர் என்பதை நான் ஒருபோதும் மறந்திருக்கக் கூடாது. நீல ஃபைல் ஒன்றோடு வந்தார். ஃபிரிட்ஜின் மேல் வைத்த அத்தனை பில்லும் அதில். தேதி வாரியாக, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, முதல் பக்கத்தில் பொருளடக்கம். "ஒண்ணுகூட விடல" என்றார். முகமெல்லாம் பெருமை.

பிரீமியம் புரட்டினாள். "ஹாரன். ஹாரன். பிரேக்கு. ஹாரன். சீட்டு. ஹாரன்..." பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அண்ணி, உங்க ஜீப்புக்குத் தொண்டையில ஏதாவது கோளாறா?"

மொத்தம் பதினேழு ஹாரன், பதினொரு பிரேக், நான்கு சீட் உறை. பொருளடக்கத்தில் அவரே கூட்டி எழுதி வைத்திருக்கிறார்.

"இதை வச்சு மதிப்பு ஏறாது அண்ணி. இறங்கும். ஓயாம ரிப்பேர் ஆகுற வண்டின்னு சொல்லுவாங்க."

டீ போட உள்ளே போனவள் டீத்தூளை மறந்துவிட்டேன். மூவருக்கும் வெந்நீரும் பாலும். குடித்தும் முடித்தோம்.

ஜூன் 12, வியாழன்

நோயாளியிடம் "வாயைத் திறங்க" என்பதற்குப் பதில் "பில்லைக் காட்டுங்க" என்றேன். பாவம், எடுத்துக் காட்டினார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு. அவர் ஒரு பழைய அகராதிக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"ம்."

"ஒண்ணுமில்ல."

ஜூன் 19, வியாழன்

சனிக்கிழமை பத்து மணிக்கு சர்வேயர். பிரீமியம் போனில்: "அவர் முன்னாடி ஒரு வார்த்தை பொய் வந்தாலும் பாலிசி செல்லாது அண்ணி. நான் அப்புறம் இந்தத் தொழில்ல தலை காட்ட முடியாது." இவளுக்கு ஏதோ வாசம் அடித்துவிட்டது.

ஜூன் 21, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சர்வேயர் நெட்டையான மனிதர். மடங்கி மடங்கி ஜீப்புக்கு அடியில் போனார். கையில் டார்ச்சும், கம்பு முனையில் வட்டக் கண்ணாடியும். நான் தினமும் ஊரார் வாயில் விடுகிற அதே கண்ணாடி, கொஞ்சம் பெரிசு. நாற்காலியில் படுப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. மெக்கானிக் துவைத்த சட்டையில் வந்திருந்தார், கால்களுக்கு மேலேயும் ஆள் இருக்கிறது. பிரீமியம் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் ஃபைலோடு தயாராக நின்றார், நூலகத்தில் புத்தகம் கேட்டு வந்தவர் முன் நிற்பதுபோல.

சர்வேயர் வின்ச்சைத் தட்டினார். "இதுக்கு பில்லு?"

அவர் பொருளடக்கத்தில் விரலை ஓட்டினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. "இது வண்டியோடவே வந்ததுதான் சார்" என்றார், நான் எப்போதோ சொன்னதை நம்பி. ஃபைலை வாங்கிப் பார்த்த சர்வேயர், "ஹாரனுக்குத்தான் நிறையச் செலவாகியிருக்கு போல" என்று சொல்லி, ஜன்னல் வழியே கையை விட்டு ஹாரனை அழுத்தினார்.

கீ என்றது. அவ்வளவுதான். மிதிபட்ட எலி இதைவிடச் சத்தம் போடும். ஆறு வருடத்தில் அந்த வண்டியில் யாருமே தொடாத ஒரே சாமான் அதுதான்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. உண்மையிலேயே புரியாமல்.

"அது ஹாரன் இல்ல" என்றேன். "எதுவுமே ஹாரன் இல்ல. எல்லாம் நான் எழுதச் சொன்ன பொய்."

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. ஏழாம் நம்பர் ஹாரன் வின்ச், பன்னிரண்டாம் நம்பர் ஹாரன் கூரைக் கூண்டு, பிரேக்கில் நான்கு சேர்ந்து பின்பக்க ஆக்சில். நான் பெயரைச் சொல்ல, மெக்கானிக் விலையைச் சொல்ல, சர்வேயர் சாமான் மேலிருந்த நம்பரைப் படிக்க, பிரீமியம் எழுதினாள். அவர்? பென்சிலை எடுத்தார். பொருளடக்கத்தில் ஒவ்வொரு "ஹாரன் ரிப்பேர்" மேலும் மெல்லிசாகக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான பெயரை எழுதிக்கொண்டே வந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

கூட்டல் வந்ததும் பிரீமியத்தின் பேனா நின்றது. "அண்ணி, நான் மாடி கட்டினதே இவ்வளவு ஆகல."

சர்வேயர் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தார். "முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன் மேடம். ஏமாத்துறவங்க எல்லாரும் கூட்டித்தான் எழுதுவாங்க. குறைச்சு எழுதி மாட்டிக்கிட்டவங்க நீங்க ஒருத்தர்தான்." கடைகளில் நம்பரைச் சரிபார்ப்பாராம். நானும் மெக்கானிக்கும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டோம். பிரீமியம் சாட்சி.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலேயே அவர் அலமாரிப் புத்தகங்களை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார். சேற்றுக் குழுவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மதியம் சாப்பிட்டு முடித்த தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?" என்று கேட்டார்.

யோசித்தேன். கல்யாணமான பதினெட்டு வருடத்தையும் துழாவிப் பார்த்தேன். ஒரு தடவை, ஒரு சாமானுக்கு — இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

"பணம் உன்னோடது. அதுக்கு நான் வருத்தப்படல" என்றார். "பதினோரு தடவை பிரேக் ரிப்பேர்னு ஃபைல் பண்ணி வச்சது நான். இந்த வண்டி என்னைக்காவது நடுரோட்டுல கழண்டு விழும்னு நினைச்சுத்தான் நான் அதுல ஏறினதே இல்ல. வண்டியை விட்டுடுன்னு உன்கிட்ட சொல்ல மனசு வரல, உனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமையானா நீ வர்ற வரைக்கும் வாசல்ல உக்காந்திருப்பேன்."

நான் பேப்பர் படிக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். ஆறு வருடம். ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அழுதேன். நன்றாகவே அழுதேன். எனக்கே எனக்கென்று ஒரு ஆசை, அதுக்கு இவ்வளவு செலவான்னு கேட்டது வேற யாருமில்ல, நான்தான். எனக்குப் பதில் சொல்ல முடியாம இந்த மனுஷன்கிட்டப் பொய் சொல்லியிருக்கேன். வெட்கமா இருக்கு.

அவர் என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

ஜூன் 28, சனி

பாலிசி வந்துவிட்டது. முழு மதிப்பு, கடைசி நட்டு வரைக்கும். கட்ட வேண்டிய தொகையைப் பார்த்ததும் பல்வலி வந்தது. பிரீமியம் ஒரு பைசா குறைக்கவில்லை. "உறவு வேற அண்ணி, தொழில் வேற." நீல ஃபைலில் முதல் உறையில் பாலிசியை அவரே வைத்தார்.

ஜூலை 6, ஞாயிறு

ஏறினார். "எதைப் பிடிச்சுக்கணும்?" என்று கேட்டு, பிடிக்க முடிந்த எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார், என் தோள் உட்பட. முதல் பள்ளத்தில் கண்ணை மூடினார். இரண்டாவதில் சட்டை முழுக்கச் சேறு. வெளியே வந்ததும் அரை நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு, "திரும்ப ஒரு தடவை போலாமா" என்றார். மொட்டை கைதட்டினார்.

ஜூலை 20, ஞாயிறு

அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எனக்குப் பொறுமை இல்லை என்று அவரும், அவருக்குக் காது இல்லை என்று நானும் சொல்லிக்கொண்டோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் தனியாக எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார். பதினொரு மணிக்கு, நான் ஒருவர் வாய்க்குள் இருந்தபோது போன். எடுத்ததும் ஒரே மூச்சில் சொன்னார்: "இடிச்சுட்டேன். நூலகத்துச் சுவர்ல. முன் பம்பர் உள்ள போயிடுச்சு, இடது லைட்டு போச்சு. பின்னாடி எடுக்க வேண்டியதை முன்னாடி எடுத்துட்டேன். தப்பு முழுக்க என்னோடது. எதையும் விடல, எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"என்னை எதுக்குக் கேக்கிற? முழு மதிப்புக்கு எடுத்திருக்கிறது வண்டியைத்தானே."

சிரித்துவிட்டேன். கையில் ஊசியோடு பல் டாக்டர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று வாயைத் திறந்து படுத்திருந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

மதியம் போனேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பர் நன்றாகவே மடங்கியிருந்தது. அவர் அதன் பக்கத்தில், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். க்ளெய்ம் கேட்கலாம்தான். கேட்டால் படிவம் வரும், படிவத்தோடு பிரீமியம் வருவாள், வந்தால் அடுத்த பத்து வருடத்துக்கு எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதுதான் பேச்சு.

"தங்கச்சிகிட்ட..." என்று இழுத்தார்.

"மூச்சு விடாதீங்க" என்றேன்.

எங்கள் கைக்காசிலேயே சரிசெய்துகொள்வது என்று முடிவாயிற்று. பம்பரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் துடைத்தோம்.