இடது கைக்கு ஏற்ற எஞ்சின்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. செயலிழந்த வலது கை எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ பதில் போடமாட்டாய். உன் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரைக் காயலான் கடையில் போடச் சொன்னாய் அல்லவா? உன் மகள் போடவில்லை. எஞ்சின் மாற்றிவிட்டாள்.

அவள் வேலை பார்க்கும் பட்டறையில் எல்லோரும் பெரிய ஆறு சிலிண்டர் எஞ்சின்தான் வேண்டும் என்றார்கள். அஞ்சாவது படித்த நானும் பெரிசுதான் நல்லது என்று தலையாட்டினேன். அவளோ, பழுதான எஞ்சினை இறக்கிய இடத்தில், பெரிய எஞ்சின் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கி, என்னை ஓட்டுகிற சீட்டில் உட்காரவைத்தாள்.

"ஸ்டியரிங்கத் திருப்பு பாட்டி. இடது கையால மட்டும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஸ்டியரிங் அசையவே இல்லை. சின்ன எஞ்சின் எடைக்கு மூட்டைகளைக் குறைத்ததும் திரும்பியது. அதையே வாங்கினாள், கியர் தானாக மாறுகிற பெட்டியோடு.

பெரிய மெக்கானிக் சிரித்தார். "ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆட்டோ கியரா? மானமே போகுது பாப்பா!"

"உங்க மானம் பட்டறையிலயே இருக்கட்டும்ணே. ஓட்டப்போறது எங்கப்பா."

இந்த வயதில் முதுகு நிமிராது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

நேற்று வண்டி உறுமியது. சீட்டை உன் காலுக்கு ஏற்றபடி தள்ளிவைத்திருக்கிறாள். யாரையும் உட்காரவிடுவதில்லை.

எழுபத்திரண்டு வயதுக் கையால் நானே திருப்பிவிட்டேன். நீ வாடா.

உன்னை வாசலில் எதிர்பார்க்கும்,
அம்மா