வருஷத்தில் ஒரு நாள் பூட்டும் பாதை

மார்ச் 4, செவ்வாய்

மத்தியானம் தூங்கிப்போனேன். கனவில் யாரோ என் பக்கத்தில் நடந்துகொண்டே இருந்தார்கள். முகம் தெரியவில்லை, நடை மட்டும். விழித்தால் அது சிஸ்டரின் ரப்பர் செருப்பு. மேல்தெரு அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளுக்கு இந்த வாரம் மத்தியான ஷிப்டு. என் கட்டில் ஜன்னலோரம், ஜன்னலை ஒட்டினாற்போல் பாதை. கீழ்த்தெருவில் பஸ் விட்டு இறங்குகிற ஊர் முழுக்க என் தலைமாட்டைத் தாண்டித்தான் மேல்தெருவுக்கு ஏறுகிறது.

காலையில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பு, மத்தியானம் இந்தக் கட்டில். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத ஐம்பத்தொரு வயதுக்காரிக்கு இது மோசமான வாழ்க்கை இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

தம்பி வந்தான். லாரியைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். இடது கை தோளுக்கு மேலே தூக்க வரவில்லை. தண்ணீர்ச் செம்பை வலது கையால் மட்டும் வாங்கினான். பார்க்காததுபோல் இருந்தேன்.

கீழ்த்தெருவில் பெரிய கட்டடம் வருகிறதாம். வண்டிகள் மேலே ஏற அவர்களுக்கு வழி வேண்டும். நம் பாதையைக் கேட்கிறார்கள். “குடுத்துட்டு நான் லாரியை விட்டுடலாம்க்கா. சின்னதா ஒரு ஒர்க்ஷாப் போட்டு உக்காந்துடுவேன். தோள் இன்னும் ரெண்டு வருஷம் தாங்காது.” ஜூன் முடிந்ததும் பத்திரம் எழுதலாம் என்றான். ஜூன் ஒன்றாம் தேதி வழக்கம்போல் பூட்டிவிடு என்றும் சொன்னான்.

அப்பா வீட்டை என் பெயருக்கு எழுதினார். அவனுக்கு லாரி வாங்கிக் கொடுத்தார். பாதையை மட்டும் இருவருக்கும் பாதி பாதி. வருஷா வருஷம் ஜூன் ஒன்றாம் தேதி காலை முதல் சாயங்காலம் வரை கீழே கேட்டைப் பூட்டிவைப்பார். “இருபது வருஷம் தடையே இல்லாம ஜனங்க நடந்துட்டா அது அவங்க வழி ஆயிடும். ஒரு நாள் பூட்டினா நம்ம வழி.” அவர் கடைசியாகப் பூட்டிய வருஷமே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அது என் வேலை.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். நான் ஒரு வருஷம்கூடப் பூட்டவில்லை. முதல் வருஷம் பூட்டோடு இறங்கினேன். கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறி வந்துகொண்டிருந்தாள், வெட்கமாகிவிட்டது, திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வருஷம் தூங்கிவிட்டேன். அப்புறம் அதுவே பழகிவிட்டது. ஒவ்வொரு ஜூன் ஒன்றும் சாயங்காலம் தம்பி போன் பண்ணுவான். “பூட்டினியாக்கா?” “ஆச்சு.” பத்தொன்பது ஆச்சு.

வரும் ஜூன் ஒன்றோடு இருபது முடிகிறது. அன்று பூட்டினால் தம்பி பிழைப்பான். பூட்டாவிட்டால் பாதை ஊருக்குச் சொந்தமாகிவிடும்.

மார்ச் 12, புதன்

கேட்டைப் போய்ப் பார்த்தேன். திறந்தபடியே கொடி சுற்றிக் கிடக்கிறது. இழுத்தால் அசையவில்லை.

ஏப்ரல் 9, புதன்

கணக்கு சார் பாதையில் விழுந்துவிட்டார். நேற்று, இருட்டத் தொடங்கிய நேரம். மணிக்கட்டில் விரிசல், மூக்குக் கண்ணாடி இரண்டு துண்டு. ஓய்வு பெற்ற வாத்தியார்; தினமும் மேல்தெரு வாசகசாலைக்கு இந்தப் பாதையில்தான் போகிறார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தது சிஸ்டர். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறார்கள், ஒரே விஷயத்தில்கூட ஒத்துப்போனதில்லை.

“ஒரு விளக்கு இருந்தா இவர் விழுந்திருப்பாரா?” என்றாள் சிஸ்டர்.

“விளக்கு கேக்க எனக்கு என்ன பாத்தியதைம்மா? அடுத்தவங்க நெலத்துல நடந்தேன், விழுந்தேன். அது என் பாடு.”

“ஆஸ்பத்திரிக்கு வர்ற புள்ளத்தாச்சி எல்லாரும் அவங்கவங்க பாடுன்னு விழட்டுமா?”

“அப்ப எல்லாரும் சேர்ந்து விலை குடுத்து வாங்குங்க. ரோடு போடுங்க, விளக்கு போடுங்க. யாரு வேணாம்னா? ஒருத்தங்க சொத்தை சும்மா எடுத்துக்கிட்டு அதுக்குப் பொதுநலம்னு பேர் வெக்காதீங்க.”

சார் சொன்னது சரி என்று தோன்றியது. சிஸ்டர் விடவில்லை.

“நெலம் இவங்கப்பாவோடது சார். பாதை? அதை நடந்து நடந்து உண்டாக்கினது யாரு? அம்பது வருஷமா இந்த ஊர் கால் தேஞ்சிருக்கு அதுல. அந்தத் தேய்மானத்துக்குப் பத்திரம் கெடையாதா?”

அதுவும் சரியாகத்தான் பட்டது. யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற சுபாவம் எனக்கு. இயந்திரத்தில் லென்ஸ் சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வழிய வழிய அதற்குள் இரண்டு பேரும் தலைகீழாக, சின்னதாக, கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.

“பொதுவுடைமை பேசுறீங்களே, நம்ம மாடிப்படி பூரா உங்க பூந்தொட்டி. அது எல்லாருக்கும் பொதுவான படிதானே? நேத்து ஒரு தொட்டியை நகர்த்தினதுக்கு என்னா பேச்சு பேசினீங்க” என்றார் சார்.

சிஸ்டர் முகம் சிவந்தது. “அது வேற சார்” என்றாள்.

முதலாளி உள்ளேயிருந்து கண்ணாடி ஆச்சா என்று கேட்டார். ஆகவில்லை. லென்ஸின் அச்சைத் தப்பாக வைத்துத் தேய்த்திருந்தேன்.

மே 2, வெள்ளி

சிஸ்டர் இழுத்துக்கொண்டு போனாள், நகராட்சி அலுவலகத்துக்கு. நீளமான கூடம், மேலே மெதுவாகச் சுற்றும் விசிறி, சுவரெல்லாம் கட்டுக் கட்டாகக் காகிதம். நான் உட்கார்ந்ததும் கண் சொக்க ஆரம்பித்துவிட்டது. இந்தக் காகிதத்துக்குள் எங்கோ என் ஜன்னலும் ஒரு கோடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

குமாஸ்தா நல்ல மனுஷன். “தனியார் இடத்துல கம்பம் நட எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா. பொதுவழின்னு பதிவாகட்டும், விளக்கு, சிமெண்டு, சாக்கடை மூடி எல்லாம் எங்க பொறுப்பு. அதுவரைக்கும் யார் விழுந்தாலும் சொந்தக்காரங்க பொறுப்பு.” பிறகு கேட்டார், “சொந்தக்காரங்க யாரு?”

சிஸ்டர் என்னைப் பார்த்தாள்.

“நான்தான்” என்றேன். “பாதி.”

மே 18, ஞாயிறு

தம்பி போன் பண்ணினான். தோளுக்கு ஊசி போட்டார்களாம். தூக்கம் வருகிறதாம் வண்டி ஓட்டும்போது. “இன்னும் ரெண்டு வாரம்தானேக்கா” என்றான். அவன் குரலில் இத்தனை நிம்மதி கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது.

பூட்டிவிடலாம். ஒரு நாள்தானே. ஊர் ஒரு நாள் சுற்றிக்கொண்டு போகட்டும். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தேன் அவனை. முன்னே பின்னே தெரியாத ஆயிரம் பேரும் அவனும் ஒன்றா எனக்கு?

ஆனால் விற்றுவிட்டால் அது ஒரு நாள் இல்லை. மறுபடி யாரும் நடந்து இந்த ஜன்னலைத் தாண்டமாட்டார்கள்.

மே 19, திங்கள்

புதுப் பூட்டு வாங்கினேன். சங்கிலியும்.

ஜூன் 1, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு இறங்கினேன். கொடியை அறுத்து எறிந்தேன். கேட் முனகிக்கொண்டே அசைந்தது. மூடினால் மூடும். சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று.

பனி மாதிரி ஏதோ இருந்தது, புழுதியாகக்கூட இருக்கலாம். அதற்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். இருபது வருஷமாகக் காதால் மட்டும் தெரிந்தவர்கள். பாதிப் பேருக்கு இன்றுதான் முகம் கிடைத்தது. இழுத்து இழுத்து நடப்பவர் கிழவர் என்று நினைத்திருந்தேன். முப்பது வயசுகூட இருக்காது. கொலுசு மாதிரிக் கேட்குமே, அது சாவிக்கொத்து, ஆஸ்பத்திரிக் காவலாளி. எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள், நானும் அசைத்தேன். மடியிலிருந்த சங்கிலி எதற்கென்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வெயில் ஏறியது. சங்கிலி சுட்டது. எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். நிழல் கேட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. நான் தூங்கவில்லை. கனவு கண்டுகொண்டிருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம், கண்ணைத் திறந்துகொண்டு.

பத்தொன்பது வருஷம் சோம்பேறித்தனம். இன்று அப்படி இல்லை. இன்று நான் பூட்டவில்லை, வேண்டுமென்றேதான். அதை மறைத்து எழுத மாட்டேன்.

ஆறரைக்குப் போன்.

“பூட்டினியாக்கா?”

“இல்லடா.”

“மறந்துட்டியா? இன்னும் வெளிச்சம் இருக்கே, இப்ப போய்—”

“ஒரு வருஷமும் பூட்டலடா. ஒரு தடவைகூட.”

அவன் வைக்கவில்லை. லாரியை ஓரம்கட்டி எஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் போனும் கட்டாயிற்று.

ஜூன் 2, திங்கள்

வந்தான். உட்காரவில்லை.

“குடுக்கணும்னா உன் பாதியைக் குடு. என் பாதியை எடுத்துக் குடுத்துட்டு நீ நல்ல பேர் வாங்கிக்கிட்ட” என்றான்.

கணக்கு சாரும் சிஸ்டரும் அத்தனை பேசியதில் இது வரவே இல்லை. வீட்டை எடுத்துக்கோடா என்றேன். கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. “வீடு யாருக்கு வேணும்? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டிருந்தா—”

முடிக்காமல் போய்விட்டான்.

கேட்டிருந்தா என்னடா சொல்லியிருப்ப? பூட்டுன்னு சொல்லியிருப்பியா, போகட்டும்னு சொல்லியிருப்பியா? நான் ஏன் கேக்கல? பயம். ஊருக்காகன்னு சொல்லிக்கிறேன் — ஊருக்காகவா, இல்ல மத்தியானம் தனியா படுத்திருக்கும்போது எனக்கு நாலு பேர் நடக்கிற சத்தம் வேணும்னா? அதுக்கா அவன் தோளை அடகு வெச்சேன்?

ஜூன் 3

வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

நகராட்சி விசாரணை. பாதையைப் பொதுவழியாகப் பதியச் சொல்லி சிஸ்டர் மனு கொடுத்திருந்தாள். சாட்சியாக, கிழவர் என்று நான் நினைத்திருந்த அந்த இளைஞர், காவலாளி, இன்னும் சிலர். கட்டடக்காரர்களின் வக்கீலும் வந்திருந்தார். தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் உள்ளதைச் சொன்னேன். வக்கீல் சிரித்துவிட்டு, இந்த அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லை, தம்பி வந்து பூட்டியிருக்கிறார் என்றார்.

அதிகாரி தம்பியைக் கேட்டார்: “இருபது வருஷத்துல நீங்க எப்பவாவது கேட்டைப் பூட்டினீங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இடம் அவனுக்கு வந்திருக்கும். நானே மறுத்திருக்க மாட்டேன். சத்தியமாக மாட்டேன்.

“இல்லைங்க” என்றான். “அக்கா பூட்டுறாங்கன்னு நெனச்சேன்.”

வெளியே வரும்போது என்னைத் தாண்டித்தான் போனான்.

ஆகஸ்ட் 20, புதன்

வீட்டை இருவர் பெயருக்கும் மாற்றும் பத்திரத்தைத் தபாலில் அனுப்பியிருந்தேன். திரும்பி வந்துவிட்டது. கையெழுத்தும் இல்லை, கடிதமும் இல்லை.

செப்டம்பர் 13, சனி

கம்பம் நட்டார்கள். சிமெண்டு போட்டார்கள். கேட்டைக் கழற்றி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். இப்போது செருப்புச் சத்தம் வேறு மாதிரிக் கேட்கிறது. யார் யார் என்று மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். கணக்கு சார் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

“நடந்தது நியாயம் இல்லம்மா. சாகற வரைக்கும் சொல்லுவேன்.” கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். “வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு.”

சிஸ்டர் மாடிப்படியிலிருந்து தொட்டிகளை எடுத்துவிட்டாளாம். ஒன்றைத் தவிர என்கிறார் சார்.

அக்டோபர் 16, வியாழன்

சிஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தம்பிக்குத் தோளில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வேறு ஊரில். இப்போது கை பழக்கும் பயிற்சிக்கு வாரா வாரம் வியாழக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். மூணு வாரமாகிறது. லாரி ஓட்டுவதில்லை. ஏதோ குடோனில் கணக்கெழுதும் வேலை.

எனக்குச் சொல்லியனுப்பவில்லை.

எந்தப் பக்கமாக வருகிறான் என்று கேட்டேன். பஸ்ஸில் வந்து, பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறானாம். ஒன்றரை மைல், கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு.

நவம்பர் 6, வியாழன்

இன்று பாதை வழியாக வந்தான்.

மழை தூறிக்கொண்டிருந்தது, அதனால்தானோ என்னவோ. நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். ஒரு நடை கேட்டது, அப்பாவுடையது மாதிரி. கனவென்று விட்டுவிடப் பார்த்தேன். எழுந்து பார்த்தால் தம்பி. இடது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியம் இல்லை, இது இப்போது எல்லோருக்குமான வழி.

கம்பத்தடியில் நின்றான். ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. குனிந்து ஒரு கையால் கட்டப் பார்த்தான். வரவில்லை. மறுபடி பார்த்தான். கயிற்றை ஷூவுக்குள் திணித்துவிட்டு நடக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. அவனுக்கு ஆறு வயதில் நான்தான் கட்டிவிடுவேன்.

செருப்பைத் தேடினேன். கட்டிலுக்கடியில் ஒன்று, சமையலறையில் ஒன்று. வாசல் வீட்டின் அந்தப் பக்கம். சுற்றிக்கொண்டு ஓடினேன். அதற்குள் எனக்குத் தெரியாத யாரோ ஒரு பெண், தோளில் பையோடு, அவன் முன்னால் மண்டியிட்டுக் கயிற்றை முடிந்துவிட்டு எழுந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். அவன் அவளிடம் ஏதோ சொன்னான். அவள் கையை ஆட்டிக்கொண்டே போனாள். அவன் மேல்தெருவில் திரும்பி மறைந்தான்.

வெறுங்காலோடு ஓடியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

அடுத்த வியாழக்கிழமை செருப்பைப் போட்டுக்கொண்டு, வெளியே, கேட் இருந்த இடத்துக் கல்லில் உட்கார்ந்திருக்கப் போகிறேன்.