ஓரத்தில் எழுதும் எண்

மார்ச் 3

காலை ஷிஃப்ட். பன்னிரண்டு கட்டில், இரண்டே நர்ஸ். நாலாம் கட்டிலுக்குப் புது ஆள். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர், அதே முப்பது வருஷம் சிகரெட்டும். நாள்பட்ட நுரையீரல் நோய், அதோடு இப்போது சளி முற்றியிருக்கிறது. முதலில் நிமிர்த்தி உட்காரவைத்தேன், அப்புறம் பேச்சுக் கொடுத்தேன்.

"எப்படியிருக்கீங்க ஐயா?"

"கேக்காதே... சிஸ்டர்..."

ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தை. சார்ட்டில் இதற்குக் கட்டம் கிடையாது; ஓரத்தில் '1' என்று எழுதினேன். மேட்ரன் பார்த்தால் பல்லைக் கடிப்பார். கடிக்கட்டும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளக்கும் மெஷின் விரலைப் பார்க்கிறது, நான் ஆளைப் பார்க்கிறேன்.

மார்ச் 4

கூட வேலை பார்ப்பவள் மூச்சு எண்ணிக்கையை எல்லாருக்கும் இருபது என்றே போடுகிறாள். செத்தவனுக்கும் இருபது போடுவாள் போல! முழு நிமிஷம் எண்ணச் சொல்லித் திட்டினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் மதியம் எண்ணினாள்.

மார்ச் 5

கண்டக்டர் கட்டிலைத் திட்டுகிறார், சாப்பாட்டைத் திட்டுகிறார், என்னையும் திட்டுகிறார். ஒரு மூச்சுக்கு ஐந்து வார்த்தை. தேறிவிடுவார்.

மார்ச் 6



பத்து மணி. "அக்கா, நாலாம் கட்டில் சூப்பர், விரல் மெஷின் தொண்ணூத்தொன்பது காட்டுது" என்றாள் கூட வேலை பார்ப்பவள். அவர் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்க டாக்டர் சொன்ன அளவு எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டு வரைதான். ஓடினேன். "ஐயா, மாத்திரை" என்றேன். முகம் சிவந்து, கண் பாதி மூடி இருந்தார். திட்டவில்லை. அதுதான் பயம்.

சுவரில் ஆக்ஸிஜன் குமிழைப் பார்த்தேன். ஒரு லிட்டரில் வைத்திருந்த ஆக்ஸிஜன் ஆறில் நிற்கிறது.

"மூச்சு வாங்கினாரு சிஸ்டர். கொஞ்சம் கூட்டி வச்சா நல்லாருக்கும்னு... நான்தான்..." என்றாள் கட்டிலோரம் இருந்த அவருடைய மகள்.

இவர் மாதிரி நுரையீரலுக்கு ஆக்ஸிஜன் கூடினால் கெட்ட காற்று உள்ளேயே தேங்கும். ஆள் தூங்கித் தூங்கியே போய்விடுவார். அதற்காகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. டாக்டரைக் கூப்பிடக் கூட இருந்த நர்ஸை விரட்டிவிட்டு, விரல் மெஷினைப் பார்த்துப் பார்த்துக் குமிழைக் குறைத்தேன். ஒரு கையால் தோளைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தேன். ரத்தம் எடுத்தார்கள். மூச்சைத் தள்ளிவிடும் மெஷினின் மாஸ்க்கை முகத்தில் கட்டினார்கள்.

மகளைப் பார்த்துக் கத்திவிட்டேன். "உங்கப்பாவைக் கொல்லப் பாத்தியேம்மா!"

ஐயோ, ஏன் அப்படிச் சொன்னேன்? நாலு நாளா அந்தக் குமிழுக்குப் பக்கத்துலதானே உக்காந்திருக்கா. அதைத் தொடாதேன்னு, ஏன் குறைச்சு வச்சிருக்கோம்னு, நான் ஒரு தடவையாவது சொன்னேனா? இல்ல. தப்பு என்மேலதான்.

மார்ச் 7

கண் திறந்தார்! மாஸ்க்குக்குள்ளிருந்து முறைத்தார். அப்பாடா.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், ஸ்டோர் ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு. பிறகு குமிழ்மேல் அட்டை ஒட்டினேன்: 'கை வைக்காதீர்கள். மூச்சு வாங்கினால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.' மேட்ரன் படித்துவிட்டு, "பன்னிரண்டு கட்டிலுக்கும் எழுது" என்றார்.

மார்ச் 9

மாஸ்க் எடுத்தாயிற்று. "தண்ணி" என்றார். ஒரு வார்த்தை. மறுபடி முதலிலிருந்து. பரவாயில்லை.

மகளை உட்காரவைத்து, அப்பா ஒரு மூச்சுக்கு எத்தனை வார்த்தை பேசுகிறார் என்று எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். வார்த்தை குறைந்தாலும், ஆள் சும்மா சும்மா தூங்கினாலும் என்னைக் கூப்பிட வேண்டும். "இனிமே மெஷினைப் பாக்க மாட்டேன் சிஸ்டர்" என்றாள். அதையும் பாரும்மா என்றேன், ஆனா அப்பாவை முதல்ல பாரு.

மார்ச் 14

நாலாம் கட்டில் பக்கம் போனதுமே ஒரே மூச்சில் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா சிஸ்டர், ஊர்ல இருக்கிறவன் மூச்சையெல்லாம் எண்ணுறியே, என்னை எப்ப வீட்டுக்கு அனுப்பப் போறே?"

ஓரத்தில் எழுதப் பேனாவைத் திறந்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"பதினொண்ணு, சிஸ்டர்."