பிரிக்காத கவர்

2025 அக்டோபர் 14, செவ்வாய்

ஜெயா இன்று காலை ஆறேகால் பஸ்ஸில் பழனிக்குப் போய்விட்டாள். விஜயதசமிக்கு எடுத்த புது எலக்ட்ரிக் கார் வாசலில் நிற்கிறது.

காரணம், சீட்டின் மேல் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய பாலிதீன் கவர். உட்கார்ந்தால் வளைவுக்கு வளைவு சறுக்குகிறதாம். அந்த வாடை வயிற்றைப் புரட்டுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை பெருமாள்மலை வரை கூட்டிப்போனதற்கே இரண்டு இடத்தில் இறங்கி நின்றாள். இத்தனைக்கும் கல்யாணமான இருபத்தாறு வருஷமாக என் பிக்கப்பில் பூண்டு மூட்டையோடு மூட்டையாக வந்தவள். ஒரு நாள் வாந்தி எடுத்தது கிடையாது.

"கவரப் பிரிச்சிட்டுக் கூப்புடுங்க, வர்றேன். அதுவரைக்கும் எனக்கு பஸ்ஸு இருக்கு" என்கிறாள்.

அவளுடைய அக்கா அழகம்மாள் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறார். இடுப்பில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். செவ்வாய்தோறும் ஜெயா சமைத்து எடுத்துக்கொண்டு மலை இறங்குகிறாள். அந்தப் போக்குவரத்தை மனசில் வைத்துத்தான் நான் காரே எடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. வியாபாரத்துக்கு என்றுதான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை.

கவரைப் பிரிக்க முடியாது. கவர் இருக்கிறவரைதான் புதுசு. பிரித்துவிட்டால் அது வெறும் சாமான். வீட்டு டிவி ரிமோட் ஏழு வருஷமாகக் கவருக்குள் இருக்கிறது, ஓர் எழுத்துகூட அழியவில்லை. "எழுத்து அழியலதான். எந்தப் பட்டன் எதுன்னு கண்ணுக்கும் தெரியல" – இதுவும் ஜெயாதான்.

அக்டோபர் 16, வியாழன்

டிக்சன் கடைக்குப் போனேன். கார் சாமான் விற்கிறவன், நாயுடுபுரத்தில் என் பூண்டுக் குடோனுக்கு நாலு கடை தள்ளி. அரை நாள் போனது.

போனதும் காரைச் சுற்றி வந்து பார்த்தான். "தனசேகரண்ணே, மொத வேலையா அந்தக் கவரப் பிரிங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு உள்ள தண்ணி கோத்துக்கும்" என்றான். சரி என்று நினைக்கும்போதே அடுத்த வாக்கியம் வந்தது. "காட்டன்ல சீட் கவர் இருக்குண்ணே, சைடு ஏர்பேக்குக்கு வழி விட்டுத் தச்சது."

அங்கேதான் பிடித்தேன். கையில் இருப்பதைத் தூக்கிப்போடச் சொல்கிறவன் மாற்றுச் சரக்கை உள்ளே அடுக்கி வைத்திருப்பான். நானும் அப்படி விற்றவன்தான். சீட் கவர் வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தான். சீட்டுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையில் செல்போன் விழாமல் இருக்க ஒரு பஞ்சுப் பட்டை. சீட்டு முதுகில் தொங்க ஆறு பை வைத்த துணி. காகிதத் துண்டுக்கு ஒரு டப்பா. குப்பைக்கு ஒரு டப்பா. ஈரக் குடையைச் சொருக ஒரு குழாய். என் அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தபோது எங்கள் ஆறு பேர் உடைமைக்கும் ஒரே தகரப் பெட்டி. எனக்கு இப்போது குடைக்குத் தனி வீடு கட்டச் சொல்கிறான்.

கடைசியில் வாங்கியது மூன்று. தரை முழுக்க ஒட்டுகிற கெட்டி மேட், ஓரத்துச் சுவர்வரை ஏறும். டிக்கிக்கு விளிம்பு தூக்கிய தட்டு. முன்பக்கம் இன்ஜின் இல்லாத இடத்தில் ஒரு பள்ளம் விட்டிருக்கிறானே, அதற்கு அளவாக ஒரு பெட்டி. கூடவே, மழைக்கு மேலே போர்த்த ஒரு முழு உறை. சீட்டின் பாலிதீன் கவர் மட்டும் அப்படியே இருக்கும்.

அக்டோபர் 17, வெள்ளி

மேட் ஒட்டியாகிவிட்டது. ஜெயா கதவைத் திறந்து பார்த்தாள். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று மூடிவிட்டாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

பஸ். தீபாவளிக் கூட்டத்தில் ஊர் திரும்புகிறவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டே போனாளாம். சொல்லிக்காட்டவில்லை. காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அக்டோபர் 27, திங்கள்

கவுஞ்சி கிராமத்து விவசாயி மூக்கையா பதினோரு மூட்டை பூண்டு கொண்டுவந்தான். வாயைப் பிரித்ததுமே கை ஈரம். சாக்குக்குள் பாலிதீன் உறை. உள்ளே பூண்டெல்லாம் வியர்த்துப்போய், அடியில் வெள்ளையாகப் பூஞ்சை.

"மழை பேயுதுல்ல மொதலாளி. நனையக்கூடாதுன்னுதான் உள்ளார பாலிதீன் போட்டேன்."

"மழ வெளிய நிக்கும்லே. பூண்டு விட்ட மூச்சு எங்க போகும்? சணல் சாக்குல போட்டுப் பரண்ல தொங்க விட்ருந்தா இந்த வினை உண்டா?"

பதினொன்றையும் திருப்பி ஏற்றினான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை வருஷம் சொல்வது? சம்சாரிக்குப் புத்தி சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத்தண்ணி வற்றுகிறது.

அக்டோபர் 30, வியாழன்

பழனிக்குத் தனியாக ஓட்டிப்போனேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சார்ஜ் ஏறுகிறது. இறங்கும்போதே சம்பாதிக்கிற வண்டி. எனக்கென்றே செய்தது போல. ஆனால் டிக்கித் தட்டில் வைத்த பஞ்சாமிர்த டப்பாக்கள் திரும்பி வரும்போது வளைவுக்கு வளைவு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடின. மலை ஏறி முடிக்கும்வரை யாரோ பின்னால் உருட்டி விளையாடுவது மாதிரி. தட்டு வாங்கியவன் தடுப்பு வாங்கவில்லை.

அழகம்மாள் மதினி கேட்டார், "தங்கச்சி வரலையா தம்பி?"

"அவ செவ்வாக்கெழம பஸ்ஸுல வருவா மதினி."

"கார் வச்சிருக்கவன் பொண்டாட்டி பஸ்ஸுல வாராளா?" – சிரித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நவம்பர் 25 திண்டுக்கல்லில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் உட்கார அவரால் முடியாது. ஜெயா கூட இல்லாமல் போகமாட்டார். "ஒங்க காருலதான போறோம்?"

ஆமாம் மதினி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. காரை உறை போட்டு மூடிவிட்டேன். குடோனுக்குப் பிக்கப்பில் போனேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விடவே இல்லை. பழனி ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. ஜெயா சமைத்ததை நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். அவள் ஜன்னல் வழியாக உறை போட்ட காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 17, திங்கள்

கொஞ்சம் வெயில். உறையை எடுத்துக் கதவைத் திறந்தேன்.

திறந்ததும் அந்த வாடை. எனக்கா தெரியாது? மூக்கையா சாக்கு வாடை.

பாலிதீனுக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அடியில் துணி முழுக்கச் சாம்பல் பூத்தது மாதிரிப் பூஞ்சை. பெல்ட்டில் புள்ளி புள்ளியாக. மேட்டை மிதித்தால் சளக்கென்கிறது. போன மாதம் ஈரச் செருப்போடு ஏறியதெல்லாம் ஓரத்து வழியாக இறங்கி அடியில் தேங்கியிருக்கிறது.

இருபத்தாறு வருஷமா பூண்டு வாங்குறவன். பதினோரு மூட்டையத் திருப்பி அனுப்புனவன். எனக்குத் தெரியாதா – மூச்சு விடாத சாமான் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சே மூடி வச்சிருக்கேன். டிக்சன் சொன்னப்பகூட, என்ன விக்கப் பாக்கான்னுதான் யோசிச்சேன். அவன் விக்கவும் பாத்தான், உண்மையும் சொன்னான். ரெண்டும் ஒண்ணா வரும்னு எனக்குத் தோணல.

இருபத்தைந்தாம் தேதிக்கு எட்டு நாள்.

நவம்பர் 18, செவ்வாய்

ஜெயா பழனியிலிருந்து வந்ததும் சொன்னாள். 25ஆம் தேதிக்கு டாக்ஸிக்காரர் பழனிக்குமாரிடம் சொல்லி முன்பணம் ஐந்நூறு கொடுத்துவிட்டாளாம்.

"நம்ம வண்டி இருக்கேடி."

"இருக்கட்டும். ஒங்க புதுசு புதுசாவே இருக்கட்டும்."

அவள் இன்னும் உள்ளே பார்க்கவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, பழைய துண்டு நாலு எடுத்து என் முன்னால் போட்டாள்.

நவம்பர் 19, புதன்

பாலிதீனை நானே பிரித்தேன். கத்தரிக்கோல் எடுத்தேன், கை போகவில்லை. கடைசியில் இழுத்துக் கிழித்தேன். ஒரு சத்தம். அவ்வளவுதான், பழசாகிவிட்டது.

டிக்சன் வந்து மேட்டைப் பெயர்த்தான். "நான் அன்னைக்கே சொன்னேன்னு சொல்லமாட்டேண்ணே" என்றான்.

"சொல்லிட்டியேடா."

துடைத்தாயிற்று. ஆனால் பஞ்சு வரைக்கும் ஈரம். இந்த ஊர் வெயிலில் எங்கே காயும்? யோசித்துப் பார்த்து, குடோனில் பூண்டு உலர்த்துகிற கொட்டகைக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். நாலு கதவும் திறந்து, ரெண்டு பெரிய ஃபேன். சீட்டுக்கடியில் தட்டுத் தட்டாக அடுப்புக்கரி.

நவம்பர் 20, வியாழன்

மூக்கையா வந்தான். கொட்டகையில் பூண்டுக் கொத்துகளுக்கு நடுவில் கதவை விரித்துக்கொண்டு நிற்கிற காரைப் பார்த்தான். கீழே கிடந்த பாலிதீனைக் காலால் தள்ளிப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். அவனுக்கும் அந்த வாடை தெரியும்தானே.

"எம் பூண்ட எனக்குத் திருப்பி அனுப்புனீங்க மொதலாளி. இத யாருக்கு அனுப்புவீங்க?"

குடோனே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. அன்று திருப்பிக் கொண்டுபோனதைப் பரணில் தொங்கவிட்டுக் கழித்து எடுத்ததில் ஏழு மூட்டை தேறியிருந்தது. கை வைத்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. இன்றைய விலைக்கே எடுத்துக்கொண்டேன்.

போகும்போது, "ஃபேன மேல பாத்துத் திருப்பி வைங்க, கூரைத் துணிலயும் ஈரங் கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். தொட்டுப் பார்த்தேன். கிடந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

காய்ந்துவிட்டது. பூஞ்சை வாடை சுத்தமாக இல்லை. இப்போது வேறு சிக்கல். நாலு நாள் கொட்டகையில் நின்றதில் கார் முழுக்கப் பூண்டு. ஸ்டியரிங்கில்கூட. இதில் எப்படி ஒருத்தியை உட்காரச் சொல்வது?

வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஜெயா போய் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து நிமிஷம் வெளியே வரவில்லை. வாந்தி எடுக்கிறாளோ என்று எழுந்து போனேன். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"பூண்டு நாறுதுல்ல?"

"அது நாத்தமா? இருபத்தாறு வருஷமா ஒங்க சட்டையில மோந்ததுதான. இது வயித்தப் பொரட்டாது." பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "இந்தக் காரு யாருக்கு வாங்குனீங்க?"

வியாபாரத்துக்கு என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. "செவ்வாக்கெழமைக்கு" என்றேன்.

"அத மொதல்லயே சொன்னா என்ன? நானே அன்னைக்கே கவரக் கிழிச்சிருப்பேன்."

நவம்பர் 25, செவ்வாய்

வெள்ளனே கிளம்பினோம். ஜெயா ஓர் இடத்தில்கூட நிறுத்தச் சொல்லவில்லை. பழனியில் மதினியை ஏற்றினோம். சீட்டைச் சாய்த்துக் கொடுத்ததில் திண்டுக்கல் வரைக்கும் தூங்கிக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "தம்பி, வண்டிக்குள்ள ரசம் வச்ச மாதிரி மணக்குது" என்றார். டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். ஊன்றிப்போக ஒரு வாக்கரும் வாங்கினோம். டிக்கியில் மடக்கி வைத்ததில் இம்மி அசையவில்லை, தடுப்புப் பட்டையை டிக்சனிடம் நேற்றே வாங்கி மாட்டிவிட்டேன்.

பழனிக்குமார் ஐந்நூறைத் திருப்பித் தரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

திரும்பி வருகிற வழியில் பேசி முடித்தது இது. செவ்வாய்க்கிழமை வண்டி ஜெயாவுக்கு, நான் வெறும் டிரைவர். சீட்டுக்கு டிக்சனிடம் இருக்கிற காட்டன் கவர், ஏர்பேக்குக்கு வழி விட்டது, மாதம் ஒரு தடவை கழற்றித் துவைப்பது என் பொறுப்பு. தரைக்கு எடுத்து உதறுகிற மாதிரி சாதா மேட். குடைக் குழாய் உண்டு. முன் பெட்டி சாப்பாட்டுத் தூக்குகளுக்கு மட்டும். பூண்டு டிக்கியில் இரண்டு மூட்டைக்கு மேல் கிடையாது, அதுவும் சணல் சாக்கு. டிவி ரிமோட்டின் கவரும் இன்றோடு போகும். இந்த ஒன்றுக்கு மட்டும் பெருமாள்மலை வரைக்கும் பேரம் பேசிப் பார்த்தேன். படியவில்லை.