பன்னிரண்டு நாள் காற்று

நாள் 63, 09:10
ஆழம் 30 மீட்டர். காற்று சரி. விளக்கு சிவப்பு, வேறு வெளிச்சம் பட்டால் மணலின் கணக்கு கெட்டுவிடும். ஆள், நாச்சிமுத்து.
இமயமலையில் ஓர் ஆற்றுப் படுகைக்கு அடியில், மலைப்பாறை வழியாகக் குடைந்த சுரங்கத்தின் முனையறையில் தனியாக இருக்கிறேன். திருச்செங்கோட்டில் ரிக் ஓட்டி இரண்டாயிரம் போர்வெல் போட்டவன். மூவாயிரம் என்று எழுதினாலும் மறுக்க இங்கே ஆளில்லை. படிப்பு ஒன்பதாம் வகுப்பு. ஆனாலும் மணல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று சொல்லும் கருவி என் கையில்தான் இருக்கிறது.
விஷயம் எளிது. மழை வலுத்த காலங்களில் மலை சரிந்தது, ஆறு கூழாங்கல்லை அள்ளிவந்து கொட்டியது. குளிர்ந்து வறண்ட காலங்களில் ஆறு இளைத்தது, களிமண் படிந்தது. அடுக்குகளுக்கு வயது தெரிந்தால், இப்போது வலுக்கிற மழைக்கு மலை என்ன செய்யும் என்று சொல்லலாம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அக்கா மகள் கோகிலவாணி, இந்த ஆய்வு நிலையத்தின் தலைமை விஞ்ஞானி. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததாகத்தான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

நாள் 63, 14:35
சுரங்கம் எனக்குப் பின்னால் நாற்பது மீட்டருக்கு அடைத்துக்கொண்டது. நூறு லாரி ஜல்லி கொட்டிய சத்தம். சரி, பத்து லாரி. வானொலி வேலை செய்கிறது. மேலிருந்து கோகிலவாணி பேசினாள்.
“பதறாதீங்க மாமா. உங்க தலைக்கு மேல முப்பது மீட்டரும் களிமண்ணுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? மேலயிருந்தே நேராத் துளை போட்டு, கூண்டுல நானே எறங்கி வர்றனுங்க. மூணே நாளு.”

நாள் 63, 17:20
கூரை விரிசலிலிருந்து ஒரு கல் விழுந்தது. உருண்டை. ஈரம். பிறகு ஏழு. களிமண்ணில் ஏது உருண்டைக் கல்?
போன மாதம் இதே இடத்தில் மேலிருந்து துளைத்து, அறைக்கு மேலும் கீழும் முப்பது முப்பது மீட்டருக்கு மண் உருளைகள் எடுத்தோம். எடுத்த உடனே மேலிருந்து கீழாக எண் போட வேண்டும். பார்த்தாலே தெரியாதா எனக்கு என்று டீ குடிக்கப் போனேன். வந்து, தப்பான முனையிலிருந்து எண் போட்டிருக்கிறேன். காலுக்குக் கீழே என்று எழுதிய கூழாங்கல் தலைக்கு மேல் இருக்கிறது, ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு. அதைத் துளைத்தால் கூண்டோடு முங்கிவிடுவாள்.

நாள் 63, 18:05
சொல்லிவிட்டேன். அறுபது வயதில் முதல் தடவையாகச் சுருக்கமாக.
“ஏனுங் மாமா, இதும் உங்க கதைல ஒண்ணுங்களா?”
இரண்டு கல்லை மைக்கருகே தட்டிக் காட்டினேன். அவள் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். பக்கத்துப் பாறையில் புதிதாகக் குடைந்து வர பதினோரு நாள் ஆகுமாம்.
“காத்து எத்தன நாளைக்கு இருக்குதுங்? கம்மின்னா மேல வழியாவே வந்தர்றேன். ஆனது ஆகட்டும்.”
காற்றளவை மேலே காட்டும் கம்பி அறுந்துவிட்டது. என் வாய்தான் மீட்டர்.
“பன்னண்டு நாளைக்கு இருக்குது கண்ணு. சிக்கனமா மூச்சு உட்டா பதினஞ்சு.”
சிலிண்டரில் இருப்பது நான்கு.

நாள் 64, 10:00
பேட்டரியை மிச்சம் பிடிக்க, இனி தினம் பத்து மணிக்கு நான் மட்டும் பேசுவேன், நீ பேசினாலும் எனக்குக் கேட்காது என்றேன். நம்பினாள். பாறையில் இயந்திரம் உறுமுவது முதுகில் தெரிகிறது.
பதிவுக்கருவியை வானொலியோடு இணைத்தேன், குறித்த நாளில் பத்து மணிக்கு அதுவே பேசும். ஒவ்வொரு நாளுக்கும் தேதி குறித்துப் பேச ஆரம்பித்தேன்.

நாள் 66, 11:40
தலைவலி. எழுத்து கோணுகிறது.
68க்குப் பேசியாயிற்று: சோறு தீர்ந்தது, பிஸ்கட் இருக்கிறது. 70க்கு: கொல்லிமலையில் சிறுத்தையை வெறுங்கையால் விரட்டிய கதை. இந்தத் தடவை இரண்டு சிறுத்தை. நடுவில் இருமல் வந்தது. அழித்துவிட்டுத் திரும்பப் பேசினேன். இருமலைக் கேட்டால் மேல் வழியாக வந்துவிடுவாள்.

நாள் 67
இதை எடுப்பவருக்கு. கூழாங்கல் மேலே, களிமண் கீழே. இதில் கலப்படம் இல்லை.
73 வரை பேசி வைத்தாயிற்று. 74 மட்டும் பாக்கி. அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்திருப்பாள். “பாத்து வா சாமி, கல்லு வழுக்குது” என்று சொல்லிப் பார்த்தேன். மூச்சு இரைப்பதும் சேர்ந்து பதிவாகிறது. இரண்டு தடவை அழித்தேன்.
இன்னொரு தடவை